சொல்லி விற்றதும் சொல்லாமல் விற்றதும்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அக்கரைப்பற்றில் ஒருவரிடம் 2017ஆம் ஆண்டு வேகன் ஆர் ஒன்றை 62 இலட்சத்துக்கு வாங்கினேன். அவர் வாகன வியாபாரி இல்லை, அரசாங்க உத்தியோகத்தர், வீட்டுப் பாவனைக்கு வைத்திருந்த வாகனம். இணையத்தில் விளம்பரம் பார்த்து, வட்ஸ்அப்பில் கதைத்து, மச்சானையும் கூட்டிக்கொண்டு போய் ஓடிப் பார்த்துத்தான் எடுத்தேன். ஒன்பதாம் நாள் மகா ஓயாவுக்குப் போகும் வழியில் டாஷ்போர்ட்டில் இருக்கிற எச்சரிக்கை லைட் எல்லாம் ஒன்றாக எரிந்து வாகனம் நின்றுவிட்டது. இது வெள்ளத்துக்குள் நின்ற வாகனம் என்கிறார் கராஜ்காரர், பட்டரியும் வயரிங்கும் சேர்த்து 7 இலட்சம் வருமாம். விற்றவருக்குக் கோல் எடுத்தால் "ஓடிப் பார்த்துத்தானே தம்பி எடுத்தீங்க, இனி என்னட்டக் கேட்டு என்ன செய்ய?" என்கிறார். பொலிஸில் இது சிவில் பிரச்சினை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். எனக்கு உரிமை ஒன்றும் இல்லையா?

— வாசகர், களுவாஞ்சிகுடி

பதில்: தம்பி, நீங்கள் அனுப்பிய வட்ஸ்அப் பிரதிகளை இரண்டு தரம் வாசித்தேன். "வெள்ளம் கிள்ளம் பட்டதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு அவர் "ஒரு சொட்டுத் தண்ணி படல்ல, போர்ட்டிகோவில நிண்ட வாகனம்" என்று பதில் போட்டிருக்கிறார். உங்கள் கையில் இருக்கிற பலமான ஆதாரம் அந்த ஒரு வரிதான். போன் உடைந்தாலும் தொலைந்தாலும் அது போகாமல் இன்றைக்கே இன்னொரு இடத்தில் பிரதி எடுத்து வையுங்கள், அவருடைய இலக்கமும் திகதியும் தெரியும்படி.

ஏன் அந்த வரிக்கு இவ்வளவு முக்கியம் என்று சொல்கிறேன். நம் நாட்டில் பொருள் விற்பனைக்கு இன்றும் அடிப்படையாக இருப்பது 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம். ஒரு கடைக்காரரோ வாகன வியாபாரியோ விற்றால் அந்தப் பொருள் ஓரளவு தரத்தோடு இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை, யாரும் வாயால் சொல்லாவிட்டாலும், அந்தச் சட்டமே ஒப்பந்தத்துக்குள் போட்டுவிடும். ஆனால் வியாபாரி அல்லாத ஒருவர் தன் சொந்த வாகனத்தை விற்கும்போது அப்படி எதையும் போடாது. பார்த்து வாங்க வேண்டியது வாங்குகிறவர் பொறுப்பு. நீங்களும் ஒன்றும் கேட்காமல் அவரும் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் "ஓடிப் பார்த்துத்தானே எடுத்தீங்க" என்ற அவருடைய பேச்சு பெரும்பாலும் செல்லுபடியாகியிருக்கும், எனக்கும் உங்களுக்குச் சொல்ல அதிகம் இருந்திருக்காது.

ஆனால் அவர் வாயைத் திறந்திருக்கிறார். கேட்ட கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்லி, அதை நம்பித்தான் நீங்கள் காசு கொடுத்தீர்கள். தனியார் விற்பனை என்பதற்காகப் பொய் சொல்லி விற்க யாருக்கும் உரிமை வந்துவிடாது. தெரிந்துகொண்டே பொய் சொன்னார் என்று காட்ட முடிந்தால் ஒப்பந்தத்தையே இரத்துச் செய்து, வாகனத்தைத் திருப்பிக் கொடுத்துக் காசைக் கேட்கலாம். அவருக்கே தெரியாது, அவரும் யாரிடமோ ஏமாந்துதான் வாங்கினார் என்று வைத்துக்கொள்ளுங்கள், அப்போதும் அவர் கொடுத்த உறுதிமொழி உறுதிமொழிதான், நட்டஈடு கேட்கலாம். சொன்னபடி இருந்திருந்தால் இந்த வாகனம் என்ன பெறுமதி, இருக்கிறபடி என்ன பெறுமதி, அந்த வித்தியாசம்தான் கணக்கு, திருத்தச் செலவு அதைக் காட்டுவதற்கு ஒரு வழி.

இனி வெள்ளத்தை நிரூபிக்க வேண்டும். கராஜ்காரர் வாயால் சொன்னது போதாது. வாகனத்தை இருக்கிறபடியே வைத்துக்கொண்டு, அவரோடு சம்பந்தமில்லாத இன்னொரு மெக்கானிக்கைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லி, பார்த்ததை எழுத்தில் வாங்குங்கள், ஒவ்வொன்றுக்கும் படம் எடுங்கள். சீற் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்கள். விற்கிறதற்கு முன் கழுவுகிறவர்கள் வெளியில் தெரிகிற பாகத்தைத்தான் கழுவுவார்கள், உள்ளே சுருண்டு கிடக்கிற கடைசி ஒரு முழத்தில் தேயிலைக் கறை மாதிரி ஒரு கோடு நிற்கும், அந்தக் கோடு வரைக்கும் தண்ணீர் நின்றது என்று அர்த்தம். பின்பக்கம் ஸ்பெயார் ரயரைக் கழற்றினால் அடியில் காய்ந்த வண்டல் இருக்கலாம். கார்பெட்டைத் தூக்கி சீற் பூட்டியிருக்கிற போல்ட்டுகளைப் பாருங்கள், வயரிங் இணைப்புகளைக் கழற்றினால் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் வாகனத்தில் லிதியம் பட்டரி முன் பயணி சீற்றுக்குக் கீழே இருக்கிறது, கதவு மட்டத்துக்குத் தண்ணீர் ஏறினால் முதலில் அகப்படுவது அதுதான். 2024 நவம்பர் வெள்ளத்தில் அம்பாறைக் கரையோரம் எவ்வளவு வாகனம் தண்ணீரில் நின்றது என்று நாங்கள் எல்லோரும் பார்த்தோம். அதில் கொஞ்சமாவது கழுவித் துடைத்து வாசனை அடித்து இன்றைக்கு விளம்பரங்களில் நிற்கும் என்றுதான் நான் நினைக்கிறேன். அவர் அந்த நேரம் காப்புறுதியில் நட்டஈடு எடுத்திருந்தால் அந்தக் கோப்பை வழக்கில் அழைப்பிக்கலாம், உங்கள் சட்டத்தரணிக்கு இதை மறக்காமல் சொல்லுங்கள்.

தயவுசெய்து இப்போதைக்குத் திருத்த வேண்டாம். என் அண்ணன் 2011இல் செங்கலடிப் பக்கம் தெரிந்த ஒருவரிடம் டொல்பின் வான் ஒன்று வாங்கினார். என்ஜினுக்குக் கைவைக்கவே இல்லை என்று சொல்லித்தான் கொடுத்தார்கள், ஒரு மாதத்தில் புகை தள்ளத் தொடங்கியது. அண்ணனுக்குக் கோபம், ஆனாலும் சண்டை பிடிக்க மனமில்லை, தானே கராஜில் விட்டு என்ஜினை இறக்கிவிட்டார். உள்ளே வெட்டி ஒட்டின வேலை எல்லாம் அப்பட்டமாகத் தெரிந்தது, நானும் போய்ப் பார்த்தேன். கழற்றின சாமான்களை ஓர் அரிசிச் சாக்கில் போட்டுக் கராஜ் மூலையில் வைத்திருந்தார்கள். மூன்று மாதம் கழித்து வழக்குப் போடுவோம் என்று யோசித்துப் போனால் சாக்கு இல்லை, பழைய இரும்புக்காரருக்கு நிறுத்துக் கொடுத்துவிட்டார்கள். ஒரு படம்கூட எங்களிடம் இருக்கவில்லை. அந்தக் காசு போனதுதான்.

இன்னொரு காரணமும் உண்டு. பிழை தெரிந்த பிறகும் வாகனத்தை ஓடிக்கொண்டு, திருத்திக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் இருந்தால் நீங்கள் அதை ஏற்றுக்கொண்டுவிட்டீர்கள் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும், திருப்பிக் கொடுக்கிற வழி அடைபட்டு நட்டஈடு மட்டும்தான் மிஞ்சும். அதனால் இந்தக் கிழமையே அவருக்கு ஒரு கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். நீங்கள் இன்ன திகதி இப்படிச் சொன்னீர்கள், வாகனம் இப்படி இருக்கிறது, உங்கள் மெக்கானிக்கையும் கூட்டிவந்து பார்க்கலாம், 14 நாளுக்குள் பதில் வேண்டும் என்று, ஏச்சு இல்லாமல், சுருக்கமாக. சட்டத்தரணி மூலம் கோரிக்கைக் கடிதமாகப் போனால் இன்னும் நல்லது. பாதிப் பேர் அந்தக் கடிதத்தைக் கண்ட பிறகுதான் பேசவே வருகிறார்கள், அக்கரைப்பற்றும் களுவாஞ்சிகுடியும் அவ்வளவு தூரமில்லை, நாலு பேருக்குத் தெரிந்தவர்கள்தானே.

அதிலும் சரிவராவிட்டால், கேட்கிற தொகை சட்டம் வைத்திருக்கிற எல்லைக்குள் இருந்தால் முதலில் மத்தியஸ்த சபைக்குப் போய்த்தான் ஆக வேண்டும், அங்கே இணங்கவில்லை என்ற சான்றிதழ் இல்லாமல் நீதிமன்றம் வழக்கை எடுக்காது. தொகை கூடினாலும் இரண்டு பக்கமும் விரும்பினால் அங்கே போகலாம். சட்டத்தரணி வந்து பேச முடியாது, நீங்களே பேச வேண்டும், ஆகவே படங்களையும் செய்திகளையும் அச்செடுத்துக் கொண்டு போங்கள். அங்கும் முடியாவிட்டால் மாவட்ட நீதிமன்றம். எழுத்தில் இருக்கிற ஒப்பந்தத்துக்கு ஆறு வருடம், வாய்ப்பேச்சு ஒப்பந்தத்துக்கு மூன்று வருடம் காலாவதி என்று 1871ஆம் ஆண்டுக் காலாவதிக் கட்டளைச் சட்டம் சொல்கிறது, பொய், மோசடி என்ற அடிப்படையில் மட்டும் நட்டஈடு கேட்டால் இரண்டு வருடம்தான். மறுகா பார்ப்போம் என்று விட்டுவிடாதீர்கள். சட்டத்தரணிக்குக் காசு இல்லை என்றால் மட்டக்களப்பிலுள்ள சட்ட உதவி ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போங்கள், வருமானத்தைப் பார்த்து உதவுவார்கள்.

பொலிஸ் சொன்னது பாதி சரி. ஒப்பந்தம் மீறுவது குற்றமில்லை, ஆனால் விற்கிற நேரத்திலேயே தெரிந்து ஏமாற்றிக் காசு வாங்கினால் அது தண்டனைச் சட்டக்கோவையின் 398ஆம் பிரிவு சொல்கிற ஏமாற்றுதலுக்குள் வரலாம். வெள்ளத்தில் நின்றது அவருக்குத் தெரியும் என்பதற்கு ஒரு படமோ காப்புறுதிக் கடிதமோ அகப்பட்டால் திரும்பவும் போய் முறைப்பாட்டை எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: தன்னுடைய சொந்தக் கார் என்று சொல்லித்தான் விற்றார். பிறகு பார்த்தால் வாகனப் பதிவுப் புக்கில் வேறு ஒருவர் பெயர், வாங்குகிறவர் பெயரை எழுதாமல் கையெழுத்து மட்டும் வைத்த பெயர் மாற்றப் பத்திரம், ஓப்பன் பேப்பர் என்பார்களே, அதுதான். அவர் வீட்டில் எப்போதும் நாலைந்து வாகனம் நிற்கிறதாம். கியர் பொக்ஸ் இரண்டு கிழமையில் போய்விட்டது. இவரையும் தனியார் என்றுதான் எடுப்பார்களா?

— வாசகி, சாய்ந்தமருது

பதில்: இல்லை சகோதரி. போர்ட் போட்டிருக்கிறாரா, கடை இருக்கிறதா என்பதல்ல கேள்வி. வாங்கி விற்பதையே தொழிலாகச் செய்கிறவர் வியாபாரிதான், வீட்டு முற்றத்தில் வைத்து விற்றாலும் வியாபாரிதான். 2020 மார்ச்சிலிருந்து 2025 தொடக்கம் வரைக்கும் வாகன இறக்குமதி நின்றிருந்த காலத்தில் பழைய வாகனத்துக்கு ஏறின விலையைப் பார்த்து நிறையப் பேர் இந்த வேலையில் இறங்கினார்கள், தங்களை வியாபாரி என்று சொல்லிக்கொள்வதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். அவருடைய போன் இலக்கத்தை இணையத்தில் போட்டுத் தேடுங்கள், அதே இலக்கத்தில் வேறு வாகனங்களின் விளம்பரம் வந்தால் ஒவ்வொன்றையும் படம் பிடித்து வையுங்கள். அப்படிக் காட்ட முடிந்தால் மேலே சொன்ன தர நிபந்தனை அவருக்குப் பொருந்தும். ஒன்று மட்டும், நீங்கள் வாகனத்தைச் சோதித்துத்தான் வாங்கினீர்கள் என்றால், அந்தச் சோதனையில் கண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டிய பிழைக்கு அந்த நிபந்தனை கைகொடுக்காது. கியர் பொக்ஸுக்குள் இருப்பது அப்படிப்பட்டதல்ல என்றுதான் உங்கள் பக்கம் வாதாட வேண்டும்.

வியாபாரி என்றால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கும் போகலாம், தனியார் விற்பனைக்கு அந்த வழி கிடையாது. முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும், வாங்கி மூன்று மாதத்துக்குள் போக வேண்டும். 1977 என்ற இலக்கத்துக்கு எடுத்தால் எங்கே கொடுப்பது என்று சொல்வார்கள்.

ஓப்பன் பேப்பரை அப்படியே வைத்திருக்காதீர்கள். கைமாறி 14 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்குக் கொடுக்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம், உங்களுக்கு ஏற்கெனவே அந்த நாள் தாண்டியிருந்தால் நாளைக்கே போங்கள். புக்கில் இருக்கிறவர் யார், உண்மையில் அவர்தான் கையெழுத்து வைத்தாரா, லீசிங் கம்பனியின் பெயர் எங்கேயாவது இருக்கிறதா என்று மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பாருங்கள். லீசிங் கட்டி முடியாத வாகனம் என்றால் கியர் பொக்ஸைவிட அது பெரிய பிரச்சினை, கம்பனி வந்து வாகனத்தையே தூக்கிக்கொண்டு போகலாம். ஆனால் விற்க உரிமையே இல்லாதவர் விற்றால், வியாபாரியோ தனியாரோ, கொடுத்த காசு முழுதையும் திருப்பிக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. காசை யார் கையில் கொடுத்தீர்களோ அவர்தான் பொறுப்பு, புக்கில் வேறு பெயர் என்று அவர் தப்ப முடியாது, ஆகவே வங்கியில் போட்ட சிட்டையையோ அவர் எழுதித் தந்த துண்டையோ தேடி எடுங்கள்.

கேள்வி: வாங்கும்போது "உள்ளபடி பெற்றுக்கொண்டேன், பின்னர் எந்த முறைப்பாடும் செய்யமாட்டேன்" என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். இனி ஒன்றும் செய்ய முடியாதா?

— வாசகர், ஏறாவூர்

பதில்: பழைய வாகனத்துக்கு வழக்கமாக வருகிற தேய்மானம், திருத்த வேலை, இதெல்லாம் அந்தக் கையெழுத்தோடு போய்விட்டது என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் அந்த ஒரு தாளை வைத்துக்கொண்டு பொய்யை மூட முடியாது. மீட்டரைக் குறைத்திருந்தால், விபத்தில் அடிபட்டு வெட்டி ஒட்டினதை மறைத்து "அடிபடாத வாகனம்" என்று சொல்லியிருந்தால், கையெழுத்து வாங்கினதற்காக அது நியாயமாகிவிடாது. நீங்கள் கடிதத்தில் என்ன பிழை என்று எழுதவில்லை. விளம்பரத்தின் பிரதி இருந்தால் அதையும், அவர் சொன்னது நினைவிருக்கிறபடியும், யார் பக்கத்தில் நின்றார்கள் என்பதையும் எழுதி அனுப்புங்கள், அடுத்த இதழில் பதில் தருகிறேன்.

இனி வாங்கப் போகிறவர்கள், அப்படி ஒரு தாளை நீட்டினால் கையெழுத்து வைக்கிறதற்கு முதல் அதன் கீழேயே "வெள்ளத்தில் நிற்கவில்லை, விபத்தில் சிக்கவில்லை, மீட்டர் மாற்றவில்லை, லீசிங் இல்லை" என்று எழுதி அவரையும் கையெழுத்து வைக்கச் சொல்லுங்கள். பேனையைக் கையில் எடுக்கத் தயங்குகிறார் என்றால் முற்பணத்தைக் கொடுக்காமல் எழும்பி வாருங்கள்.