நாணயப் பெட்டியைப் பசையில்லாமல் மூடுவது எப்படி?

தரம் பார்த்துச் சான்றளித்த சேகரிப்பு நாணயங்களை அடைக்கும் பிளாஸ்டிக் பெட்டியில் பசையோ திருகோ இல்லையே, எப்படி மூடுகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். மீயொலி அதிர்வால்தான், அதாவது காதுக்குக் கேட்காத அளவு வேகமான அதிர்வால்.

ஒரு பாதியின் விளிம்பைச் சுற்றி, மயிரிழைபோல மெல்லிய முக்கோண வரப்பு ஓடும். சூட்சுமம் முழுக்க அதில்தான். இரு பாதிகளையும் சேர்த்து வைத்ததும், ‘கொம்பு’ எனப்படும் உலோகக் கருவிமுனை ஒன்று மேலிருந்து அழுத்தியபடி நொடிக்கு 20,000 முதல் 40,000 முறை அதிரும். வரப்பின் கூர்நுனியில் சூடு குவிந்து, பெரும்பாலும் ஒரு நொடிக்குள் உருகிப் பரவிவிடும். அதிர்வு நின்றதும் கொம்பைத் தூக்கிவிடக் கூடாது. உருகியது இறுகும்வரை அழுத்தம் நீடிக்க வேண்டும்.

அதிரும் நேரம் கூடினால் பிளாஸ்டிக் பிதுங்கி வழியும். குறைந்தாலோ, பெட்டி சற்றே சாய்ந்திருந்தாலோ ஒரு மூலை ஒட்டாமல் நிற்கும். நாணயம் ஆடினால் அதிர்வில் உராயும்; அதனால் நாணயத்தைப் பிடித்து வைக்கும் உள்வளையம் அதன் விட்டத்துக்குக் கச்சிதமாக இருப்பது மிக முக்கியம்.

யாராவது நெம்பித் திறந்திருந்தால் விளிம்பில் வெண்கீற்றோ சில்லுடைப்போ தெரியும்.