சக்கர மீட்டரைக் கழற்றுவதற்கு முன்னால்

கேள்வி: இருபது வருஷமாக ஓடும் சக்கர மீட்டரை எடுத்துவிட்டு அடுத்த வாரம் டிஜிட்டல் மீட்டர் வைக்கப் போவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் ஃப்ரிட்ஜ், இன்வெர்ட்டர் எல்லாம் இருக்கிறது. மாடி போர்ஷனுக்குத் தனி மீட்டர். நான் என்னென்ன செய்து வைக்க வேண்டும்? புது மீட்டர் வேகமாக ஓடும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: மீட்டரை மாற்றுவது பெரிய வேலை இல்லை, தடங்கல் எதுவும் வராவிட்டால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். தகராறெல்லாம் பில் வந்த பிறகுதான். அதுவும் பெரும்பாலும் இரண்டு விஷயத்தில்: பழைய மீட்டரின் கடைசி ரீடிங், அப்புறம் அந்தப் பழைய மீட்டர் இத்தனை வருஷம் கண்டுகொள்ளாமல் விட்ட வயரிங் கோளாறு.

முதலில் ரீடிங். கழற்றிக்கொண்டு போய்விட்டால் அந்த மீட்டரை நீங்கள் மறுபடி பார்க்கப் போவதில்லை, அதனால் கழற்றுவதற்குச் சற்று முன்னால் எண்களும் மீட்டர் நம்பரும் ஒரே படத்தில் விழும்படி போனில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஃப்ளாஷ் போட்டால் கண்ணாடியில் பட்டு எண் இருக்கும் இடமே வெள்ளையாகிவிடும், அதை அணைத்துவிட்டுக் கொஞ்சம் சாய்வாகப் பிடித்து எடுங்கள். கடைசிக் கட்டம் சிவப்பாக இருந்தால் அது தசமம், யூனிட்டில் சேராது. புது மீட்டரையும் மாட்டியவுடன் இதே மாதிரி ஒரு படம். அது பூஜ்யத்தில்தான் தொடங்க வேண்டும் என்றில்லை, சோதனை செய்து அனுப்புவதால் கொஞ்சம் ஓடியிருக்கலாம். நூற்றுக்கணக்கில் இருந்தால் மட்டும் அங்கேயே கேளுங்கள். அவர்கள் நீட்டும் சீட்டில் இரண்டு ரீடிங்கும் இரண்டு மீட்டர் நம்பரும் சரியாக எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். அடுத்த பில் இப்படித்தான் வரவேண்டும்: பழைய மீட்டரில் போன பில்லுக்குப் பிறகு ஓடியது, அதோடு புது மீட்டர் தொடக்க ரீடிங்கிலிருந்து ஓடியது. வேறு மாதிரி வந்தால் அந்த இரண்டு படங்கள்தான் உங்கள் சாட்சி.

இனி வயரிங். மாடிக்குத் தனி மீட்டர் என்று எழுதியதால்தான் இதை விரிவாகச் சொல்கிறேன். பல சிங்கிள் ஃபேஸ் டிஜிட்டல் மீட்டர்கள் ஃபேஸ் வயரில் போகும் கரண்டையும் நியூட்ரலில் திரும்பும் கரண்டையும் தனித்தனியாக அளந்து, எது அதிகமோ அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும். திருட்டைப் பிடிக்கச் செய்த ஏற்பாடு, ஆனால் அதில் சிக்கிக்கொள்வது சில சமயம் நேர்மையானவர்கள். எப்போதோ வயரிங் செய்தவர் ஒரு வயரை மிச்சம் பிடிக்க மாடியின் நியூட்ரலை உங்கள் நியூட்ரலோடு சேர்த்து முறுக்கிவிட்டுப் போயிருந்தால், மாடியில் ஓடும் ஏசியின் கரண்டில் ஒரு பங்கு உங்கள் மீட்டர் வழியாகத் திரும்பும். பழைய சக்கர மீட்டர் பொதுவாக ஃபேஸை மட்டும் பார்த்ததால் இத்தனை நாள் தெரியவில்லை. புதியது அதையும் உங்கள் தலையில் எழுதும். எர்த்தை நியூட்ரலாகப் பயன்படுத்திய பாயிண்ட் ஏதாவது இருந்தாலும் போவதும் திரும்புவதும் சமமாக இருக்காது, சில மீட்டர்களில் அதற்கென்றே ஒரு சிவப்பு விளக்கு எரியும்.

இதை முன்கூட்டியே கண்டுபிடிக்க வழி இருக்கிறது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, மீட்டரிலிருந்து வீட்டுக்குள் போகும் ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்துக் கிளாம்ப் மீட்டரின் (வயரைக் கழற்றாமலே கவ்விப் பிடித்துக் கரண்டை அளக்கும் கருவி) வாய்க்குள் விடச் சொல்லுங்கள். போவதும் வருவதும் சமமாக இருந்தால் பூஜ்யம் காட்டும். ஒரு தடவை உங்கள் வீட்டில் மட்டும், ஒரு தடவை மாடியில் மட்டும் ஏதாவது பெரிய சாதனம் ஓடிக்கொண்டிருக்கும்போது பார்க்க வேண்டும், சும்மா இருக்கும்போது பார்த்தால் ஒன்றும் தெரியாது. வித்தியாசம் காட்டினால் மீட்டர் வருவதற்குள் சரிசெய்துவிடுங்கள்.

மாற்றும் நாளில் அதிகம் வேலை இல்லை. கம்ப்யூட்டரை முறையாக ஷட்டவுன் செய்து, எல்லா எம்சிபியையும் (போர்டில் இருக்கும் சின்ன ட்ரிப் சுவிட்சுகள்) இறக்கி, கடைசியில் மெயின் சுவிட்ச். லோடு இருக்கும்போது வயரைக் கழற்றினால் தீப்பொறி பறக்கும். ஃப்ரிட்ஜைத் திறக்காமல் இருந்தால் 4 மணி நேரம் வரை குளிர் தாங்கும், கவலையே வேண்டாம். வீட்டில் யாருக்காவது ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் மாதிரி கருவி ஓடுகிறது என்றால் முன்பே சொல்லி நேரத்தை உறுதி செய்துகொள்ளுங்கள், மாற்று ஏற்பாடும் கையில் இருக்கட்டும். இன்வெர்ட்டரை அணைத்தே ஆக வேண்டும். சரியாக வயரிங் செய்திருந்தால் அது வெளி லைனுக்குக் கரண்டு தள்ளாது என்பது உண்மைதான், ஆனால் அந்த 'சரியாக' என்ற வார்த்தையை நம்பி இன்னொருவர் உயிரைப் பணயம் வைக்கக் கூடாது. சோலார் இருந்தால் அதையும் நிறுத்துங்கள், வரும் மீட்டர் இரண்டு திசையும் தனித்தனியாக அளக்கும் வகையா என்றும் கேளுங்கள். சாதாரண மீட்டர்களில் சில, நீங்கள் வெளியே தள்ளும் யூனிட்டையும் நீங்கள் எடுத்ததாகவே எண்ணிவிடும்.

கரண்டு வந்ததும் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் போடாதீர்கள், முதலில் ஒரு விளக்கு, பிறகு ஒவ்வொரு எம்சிபியாக. த்ரீ ஃபேஸ் வீடாக இருந்தால் இங்கே இன்னும் கவனம் வேண்டும்: ஒரு அறையில் விளக்கு மங்கலாகவும் இன்னொன்றில் கண்ணைக் கூசும்படியும் எரிந்தால் நியூட்ரல் சரியாகப் பிடிக்கவில்லை என்று அர்த்தம், யோசிக்காமல் மெயினை அணையுங்கள், இல்லாவிட்டால் டிவியிலிருந்து ஃப்ரிட்ஜ் வரை வெந்துபோகும். த்ரீ ஃபேஸ் மோட்டார் இருந்தால் தண்ணீர் பழைய அளவுக்கு வருகிறதா என்று பாருங்கள். இரண்டு ஃபேஸ் இடம் மாறிப்போனால் மோட்டார் தலைகீழாகச் சுற்றும், சத்தம் வரும், தண்ணீர் ஒழுங்காக வராது.

மீட்டர் மாற்ற வந்தவர் கிளம்புவதற்கு முன் டெர்மினல் மூடிக்கு, அதாவது வயர்கள் மாட்டும் இடத்தின் மூடிக்கு, சீல் வைத்தாரா என்றும் பாருங்கள், பின்னால் சீல் இல்லை என்றால் சந்தேகம் உங்கள் மேல்தான் விழும். நான் போய்ப் பார்த்த ஒரு வீட்டில் மாற்றிய மூன்றாம் நாள் மீட்டரின் அடிப்பக்கம் பழுப்பேறி, மீன் வாடை மாதிரி ஒரு நாற்றம். ஒரு ஸ்க்ரூ அரைச்சுற்று தளர்வு, அவ்வளவுதான். அந்த மாதிரி வாடையோ விளக்கு துடிப்பதோ தெரிந்தால் மெயினை அணைத்துவிட்டு உடனே புகார் சொல்லுங்கள், மூடியைத் திறக்காதீர்கள்.

வேகமாக ஓடுமா? பழைய மீட்டரில் சக்கரம் சுற்றும் அச்சு தேய்ந்து மந்தமாகியிருக்கலாம், போன் சார்ஜர், டிவியின் ஸ்டாண்ட்பை போன்ற சின்ன லோடுக்கு நகரவே நகராது. புதியது அதையும் எண்ணும். அதனால் பில் கொஞ்சம் ஏறுவது மீட்டரின் தவறு இல்லை. சந்தேகம் இருந்தால் நீங்களே பார்க்கலாம். மீட்டரில் 3200 இம்பல்ஸ் என்று போட்டிருந்தால் சிவப்பு விளக்கு 3200 தடவை மினுக்கினால் ஒரு யூனிட். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு 1500 வாட் கெட்டிலை மட்டும் தண்ணீர் ஊற்றிப் போடுங்கள், ஒரு நிமிஷத்தில் ஏறக்குறைய 80 தடவை மினுக்க வேண்டும். எண்ணுவது கஷ்டம், வீடியோ எடுத்து மெதுவாக ஓட்டிப் பாருங்கள். வோல்டேஜ் பத்து சதவீதம் குறைவாக இருந்தால் 65 வரை இறங்கும், அது சரிதான். 100, 110 என்று போனால் கெட்டிலை மாடிக்காரரிடம் கொடுத்து அவர் மீட்டரிலும் ஒரு தடவை எண்ணிப் பாருங்கள், அங்கே 80 வந்தால் அந்த இரண்டு வீடியோவோடு மீட்டரைச் சோதிக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள்.