ராஜினாமா கடிதத்தை எழுதிக் கொடுக்க வேண்டாம்

உட்லண்ட்ஸிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கணவருக்கு 51 வயது, சிங்கப்பூரர், துவாஸில் ஒரு கிடங்கு நிறுவனத்தில் 9 ஆண்டுகளாகச் சரக்கு ஒருங்கிணைப்பாளர் வேலை. சர்க்கரை நோயால் வந்த புண் ஆறாமல், போன ஆண்டு இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். செயற்கைக் கால் பொருத்தி, நடைப் பயிற்சி முடித்து, வேலைக்குப் போகலாம் என்று மருத்துவர் கடிதம் கொடுத்து, திரும்பிப் போய் மூன்று வாரம் ஆகிறது. இப்போது மனிதவள மேலாளர் கூப்பிட்டு, "மருத்துவமனை விடுப்பு 60 நாளும் முடிந்துவிட்டது, ஒரு காலோடு உங்களைக் கிடங்கில் வைத்துக்கொள்வது எங்களுக்குச் சிரமம், நீங்களே ராஜினாமா எழுதிக் கொடுங்கள், இரண்டு மாதச் சம்பளம் தருகிறோம்" என்கிறாராம். அதையே வாட்ஸ்அப்பிலும் அனுப்பியிருக்கிறாராம். வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டுமாம். கணவரோ, "கால் போனது என் தலையெழுத்து, இத்தனை நாள் வைத்திருந்ததே பெரிசு" என்று கையெழுத்துப் போடத் தயாராக இருக்கிறார். உடற்குறையுள்ளவர்களுக்கு இங்கே சட்டமே இல்லையா என்பது இவருடைய கேள்வி.

சகோதரி, சட்டத்தைப் பிறகு பேசுவோம், முதலில் வெள்ளிக்கிழமை. அவர் எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது. நிறுவனத்துக்கு அவரை அனுப்ப வேண்டுமென்றால் நிறுவனமே நோட்டீஸ் கொடுத்து அனுப்பட்டும். அவர் கையால் எழுதி வாங்க ஏன் இத்தனை அவசரம் என்று யோசியுங்கள். ராஜினாமா என்றால் அவராக விரும்பிப் போனார் என்றுதான் காகிதம் சொல்லும். வற்புறுத்தி வாங்கிய ராஜினாமாவையும் பணிநீக்கமாகவே கருதலாம் என்று வேலை நியமனச் சட்டம் சொல்கிறதுதான், ஆனால் வற்புறுத்தினார்கள் என்று நிரூபிக்கும் பாரம் அப்போது உங்கள் கணவர் தலையில் வந்து விழும். அந்தப் பாரத்தை நாமாக ஏன் சுமக்க வேண்டும்?

அந்த 60 நாள் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். மருத்துவமனையில் சேர்ந்தால் ஆண்டுக்கு 60 நாள் வரை சம்பளத்தோடு விடுப்பு தர வேண்டும், மருத்துவச் சான்றிதழ் காட்டி எடுக்கும் சாதாரண எம்சி 14 நாளும் அதற்குள் அடக்கம். முதலாளி எத்தனை நாளுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்பதைச் சொல்லும் விதி அது, 61ஆவது நாளில் வேலை போய்விடும் என்று அதில் எங்கும் இல்லை. மேலும் உங்கள் கணவர் இப்போது விடுப்பில் இல்லை, வேலையில் இருக்கிறார்.

இப்போது உங்கள் கேள்வி. மறைக்காமல் சொல்கிறேன், இன்றைக்குச் சட்டம் இருக்க வேண்டிய அளவுக்கு இல்லை. அரசமைப்புச் சட்டத்தின் 12ஆவது பிரிவு எல்லாரும் சமம் என்கிறது, ஆனால் பாகுபாடு கூடாது என்று அது பெயர் சொல்லிக் குறிப்பிடுவது சமயம், இனம், வம்சாவளி, பிறந்த இடம் ஆகியவற்றைத்தான். உடற்குறை அந்தப் பட்டியலில் கிடையாது. உடற்குறையுள்ளோர் உரிமைகளுக்கான ஐநா உடன்படிக்கையை சிங்கப்பூர் 2013இல் ஏற்றுக்கொண்டது, ஆனால் அதைக் காட்டி ஒரு தனியார் நிறுவனத்தின் மேல் இங்கே வழக்குப் போட முடியாது. 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வேலையிட நியாயச் சட்டம்தான் முதல்முறையாக உடற்குறையையும் மனநலப் பிரச்சினையையும் எழுத்தில் சேர்த்தது. அது 2027 இறுதியில் நடப்புக்கு வரும் என்று அரசாங்கம் சொல்லியிருக்கிறது. வந்தாலும் 25 பேருக்குக் குறைவாக ஆள் வைத்திருக்கும் நிறுவனங்களுக்கு முதல் ஐந்து ஆண்டுகளுக்கு விலக்கு. உடற்குறையுள்ள ஊழியருக்கு வேண்டிய வசதியைச் செய்து கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் அந்தச் சட்டத்தில் இல்லை. எனக்கு இது பெரிய குறையாகத்தான் படுகிறது, ஒரு நாற்காலியும் ஒரு சாய்தளமும் இல்லாத காரணத்தால் வேலையை விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சரி, அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டுமா? வேண்டாம். இன்றைக்கே இரண்டு வழி இருக்கிறது.

ஒன்று, அரசாங்கம், முதலாளிகள், தொழிற்சங்கங்கள் என்ற மூன்று தரப்பும் சேர்ந்து வகுத்த, நியாயமான வேலை நியமன நடைமுறைகளுக்கான முத்தரப்பு வழிகாட்டி நெறிமுறைகள். உடற்குறையைக் காட்டிப் பாகுபாடு செய்யக் கூடாது என்று அவை சொல்கின்றன. டாஃபெப் என்று சொல்வார்களே, அந்த முத்தரப்புக் கூட்டணியிடம் அவர் வேலையில் இருக்கும்போதே போய்ச் சொல்லலாம். நெறிமுறைதானே என்று நிறுவனம் அலட்சியமாக இருக்க முடியாது, மீறினால் வெளிநாட்டு ஊழியர்களை வேலைக்கு எடுக்கும் சலுகையில் மனிதவள அமைச்சு கை வைக்கலாம். கிடங்குத் தொழிலில் இருப்பவர்களுக்கு அது எங்கே வலிக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று, தவறான பணிநீக்கம் என்று கோருவது. உடற்குறையைக் காரணமாக வைத்து ஒருவரை நீக்குவது தவறான பணிநீக்கம். ஆனால் இதில் ஒரு நுணுக்கம் உண்டு, இதைக் கணவரிடம் நிதானமாகப் படித்துக் காட்டுங்கள். நிறுவனம் முறைப்படி நோட்டீஸ் கொடுத்து, காரணமே சொல்லாமல் அனுப்பினால், பொதுவாக அது தவறில்லை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். உள்ளே இருக்கும் காரணம் பாகுபாடுதான் என்று ஊழியர்தான் காட்ட வேண்டும். பெரும்பாலான வழக்குகள் இங்கேதான் விழுகின்றன, ஏனென்றால் யாரும் அதை எழுதித் தருவதில்லை. உங்கள் விஷயத்தில் அந்த மேலாளர் எழுதியே கொடுத்திருக்கிறார். "ஒரு காலோடு" என்று வந்த அந்த வாட்ஸ்அப் செய்தியை இன்றே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, தேதியும் எண்ணும் தெரியும்படி வேறு இடத்தில் சேமித்து வையுங்கள். மருத்துவரின் கடிதம், கடந்த சில ஆண்டுகளின் வேலை மதிப்பீடுகள், சம்பளச் சீட்டுகள் எல்லாம் வீட்டுக்கு வந்துவிட வேண்டும், அலுவலகக் கணினியில் இருந்தால் பயனில்லை.

அப்புறம் அவர் ஒரு மின்னஞ்சல் எழுதட்டும், ஆங்கிலத்தில், நாலே வரி. இன்ன தேதியில் என்னைக் கூப்பிட்டு, கால் அகற்றப்பட்டதைச் சொல்லி ராஜினாமா கேட்டீர்கள். எனக்கு ராஜினாமா செய்ய விருப்பமில்லை. வேலை செய்யத் தகுதி உண்டு என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். வேலையில் எது சிரமம் என்று நீங்கள் நினைக்கிறீர்களோ அதை எப்படி மாற்றலாம் என்று பேசத் தயார். அவ்வளவுதான். கோபம் வேண்டாம், சட்டப் பிரிவு எண்களும் வேண்டாம்.

கடைசி வரி முக்கியம், ஏனென்றால் நிறுவனம் அடுத்து என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியும்: ஏணி ஏற முடியாது, ஃபோர்க்லிஃப்ட் ஓடும் இடம், பாதுகாப்பு என்று. அதில் உண்மை இருந்தால் அதற்கும் மதிப்பு உண்டு. உங்கள் கடிதப்படி அவர் வேலை பெரும்பாலும் கணினி முன்னால், நாளைக்கு இரண்டு முறை சரக்கைச் சரிபார்க்க ஒரு சுற்று. அந்தச் சுற்றை மட்டும் மாற்றி அமைக்க முடியாதா? உடற்குறையுள்ளோருக்கு உதவும் எஸ்ஜி எனேபல் அமைப்பு நடத்தும் ஓப்பன் டோர் திட்டத்தில் வேலையை மாற்றி அமைக்கும் செலவில் 90 விழுக்காடு வரை, ஒருவருக்கு 20,000 வெள்ளி வரை நிறுவனத்துக்கு மானியம் கிடைக்கும். மாதச் சம்பளம் 4,000 வெள்ளிக்குக் கீழே என்றால் சம்பளத்திலும் ஒரு பங்கை அரசாங்கம் ஈடு செய்கிறது. பல முதலாளிகளுக்கு இது தெரியாது. ரெட்ஹில் பக்கம் லெங்கோக் பாருவில் இருக்கும் எனேபலிங் வில்லேஜில் விசாரித்து, அந்த விவரத்தாளோடு அவர் போய் உட்காரட்டும்.

அப்படியும் நீக்கிவிட்டால், கடைசி வேலை நாளிலிருந்து ஒரு மாதம்தான் அவகாசம். அதற்குள் டிஏடிஎம் என்ற முத்தரப்புச் சமரச அமைப்பில் கோரிக்கை பதிய வேண்டும். ஆறு வாரம் கழித்து, எல்லாச் சான்றும் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்த ஒருவரைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது, இன்னும் அது மனசில் இருக்கிறது. சமரசம் ஆகாவிட்டால் வேலை நியமனக் கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகும். அங்கே எங்களைப் போன்ற வழக்கறிஞர்கள் வாதாட முடியாது, அவரே பேச வேண்டும், அதனால் செலவும் குறைவு. வரம்பு 20,000 வெள்ளி, தொழிற்சங்கம் வழியாகப் போனால் 30,000. மறுபடி வேலையில் சேர்க்கச் சொல்லலாம், இழப்பீடும் கொடுக்கச் சொல்லலாம். தாள்களைத் தயார் செய்ய உதவி வேண்டுமென்றால் புரோ போனோ எஸ்ஜியின் இலவச ஆலோசனை நேரத்துக்குப் பதியுங்கள்.

எல்லாம் கேட்ட பிறகும் அவர் விலகவே விரும்பினால் அது அவர் உரிமை, ஆனால் இரண்டு மாதச் சம்பளத்தை அவர்கள் போடும் பிச்சையாக நினைத்து வாங்க வேண்டாம். 9 ஆண்டு உழைத்தவர், பேரம் பேசலாம். காலைத்தானே எடுத்தார்கள், அந்தச் சரக்குக் கணக்கெல்லாம் இன்னும் அவர் தலையில்தான் இருக்கிறது. மின்னஞ்சலை வியாழன் இரவே அனுப்பச் சொல்லுங்கள், வெள்ளிக்கிழமை உள்ளே போகும்போது அது அவர்கள் கையில் இருக்கட்டும்.