முதல் வகுப்பில் சேரும் பிள்ளைக்குச் சீருடை வாங்கப் போகிறோம். என்ன சைஸ், எத்தனை செட், எந்தத் துணி என்று எப்படி முடிவு செய்வது?

சைஸ், செட், துணி மூன்றுக்கும் கீழே பதில் எழுதியிருக்கிறேன். அதற்கு முன் நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு அதை யாரும் சொல்லவில்லை. பேன்ட்டை உங்கள் பிள்ளை தனியாகக் கழற்றுகிறதா என்று கடையிலேயே பாருங்கள். நீங்கள் கை வைக்காமல், பாதி வழியில் உதவாமல். அவசரமாக ஓடி வந்து கழற்றுவது போலக் கழற்றச் சொல்லுங்கள். முடியவில்லை என்றால் அந்த பேன்ட் எவ்வளவு நல்ல துணியாக இருந்தாலும் வேண்டாம்.

இது உங்களுக்கு முதல் பிள்ளை என்று நினைக்கிறேன். வீட்டில் ஆளுக்கொரு யோசனை சொல்லியிருப்பார்கள். "வளர்ற பிள்ளை, ரெண்டு சைஸ் பெரிசா எடு" என்பது அதில் கட்டாயம் இருந்திருக்கும்.

நானும் அதைத்தான் செய்தேன். என் மகனுக்கு அப்போது ஐந்தரை வயது. சட்டைக் கை விரல் நுனி வரை வந்தது. பேன்ட்டைக் கீழே இரண்டு மடிப்பு மடித்துத் தைத்தோம். இடுப்பில் என் இரண்டு கையும் நுழையும் அளவுக்கு இடம் இருந்தது, அதனால் பெல்ட் வாங்கினேன். பெல்ட்டில் இருந்த துளைகள் போதவில்லை, ஆணியைச் சூடாக்கி இன்னொரு துளை போட்டேன். போட்டுப் பார்த்தபோது அழகாகத்தான் இருந்தான். இரண்டு வருடக் கவலை தீர்ந்தது என்று நிம்மதியாக இருந்தேன்.

பள்ளி திறந்த மூன்றாம் நாள் காலை, ஆசிரியை போன் செய்திருக்கிறார். எனக்கு இல்லை, என் மனைவிக்கு. அவள் வேலை விஷயமாக வெளியூரில் ஒரு கூட்டத்தில் இருந்தாள், போனை எடுக்கவில்லை. மதியத்துக்கு மேல் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். நான் போய்ச் சேர்ந்தபோது அவன் அலுவலக அறை பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். யாருடையதோ ஒரு நீலக் கால்சட்டை, இடுப்பில் முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தது. பக்கத்தில் இறுக்கி முடிந்த பிளாஸ்டிக் பை, உள்ளே நனைந்த பேன்ட்.

நான் எதுவும் கேட்கவில்லை. அவனேதான் சொன்னான்.

"நான் சீக்கிரமாத்தான் போனேன்பா. கதவைக்கூட சாத்துனேன். அது வரல."

வலது கட்டைவிரலைப் பார்த்தேன். நகத்தின் ஓரம் கன்றிச் சிவந்து தோல் கொஞ்சம் பிய்ந்திருந்தது.

அன்று இரவு அந்த பேன்ட்டைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டு இன்னொன்றை எடுத்து மேசை மேல் விரித்து வைத்தேன். எண்ணினேன். பெல்ட், அதற்குள் கொக்கி, கொக்கிக்கு உள்ளே ஒரு பட்டன், அப்புறம் ஜிப். நான்கு பூட்டு. அந்த இரும்புக் கொக்கி எப்படிக் கழல்கிறது என்று உங்கள் பேன்ட்டிலேயே மெதுவாகச் செய்து பாருங்கள். இடுப்புப்பட்டியின் இரண்டு முனைகளையும் முதலில் உள்பக்கமாக இழுத்து நெருக்க வேண்டும். தளர்ந்த பிறகுதான் கொக்கி பக்கவாட்டில் நகரும். இரண்டு கையும் ஒரே நேரத்தில் ஒத்துப்போக வேண்டும். நாம் முப்பது வருடமாகச் செய்வதால் நமக்குத் தெரிவதில்லை. அவனுக்கு அது வயிற்றுக்குக் கீழே, தொளதொளவென்று தொங்கும் சட்டைக்கு அடியில், கண்ணுக்கே தெரியாத இடத்தில் இருக்கிறது. விரலில் அந்த அளவு பிடியும் இல்லை. புது பேன்ட்டின் காஜா வேறு விறைப்பாக இருந்தது, பட்டன் அதில் நுழைந்து வெளியே வர எனக்கே இரண்டு முறை ஆனது.

இதைப் படித்துவிட்டு "பிள்ளையைச் சரியாகப் பழக்கவில்லை" என்று யாராவது எழுதலாம். அவன் மூன்று வயதிலிருந்து தானாகப் போய் வருகிறவன். வீட்டில் போடுவது எலாஸ்டிக் கால்சட்டை, ஒரு இழுப்பில் இறங்கிவிடும். பழக்கம் இருந்தது. பழகாத பூட்டை மாட்டி அனுப்பியது நான். அவன் நேரத்துக்குப் போயிருக்கிறான், கதவைச் சாத்தியிருக்கிறான், விரல் பிய்கிற வரை போராடியிருக்கிறான். வகுப்பில் அவனுக்கு என்ன பேர் வைத்துக் கூப்பிட்டார்கள் என்பதை இங்கே எழுத மனம் இல்லை.

சரி, என்ன செய்தேன் என்று சொல்கிறேன். பெல்ட்டை எடுத்துவிட்டேன். தையல்காரரிடம் கொடுத்து இடுப்புப்பட்டியின் பின்பக்கத்தில் எலாஸ்டிக் வைக்கச் சொன்னேன். முன்பக்கம் பார்க்கப் பழையபடியேதான் இருக்கும். கொக்கியையும் உள் பட்டனையும் பிரித்துவிட்டு அந்த இடத்தில் ஒட்டுப்பட்டி தைத்தோம், வெல்க்ரோ என்கிறோமே அதுதான். இதைக் கண்டுபிடித்தவர் ஜார்ஜ் டி மெஸ்ட்ரல் என்கிற சுவிஸ் பொறியாளர். 1941-இல் நாயோடு வெளியே போய்த் திரும்பியபோது நாயின் ரோமத்திலும் தன் உடையிலும் ஒட்டிக்கொண்டு வந்த விதைகளை நுண்ணோக்கியில் பார்த்து இந்த யோசனை வந்ததாம். நம் ஊர் நாயுருவி மாதிரி ஒரு செடி. நாயுருவியைக் காலிலிருந்து பிய்த்து எறிந்த எவருக்கும் தெரியும், இழுத்தால் வந்துவிடும். ஐந்து வயதுக் கைக்கு அதுதான் வேண்டும். ஒன்று கவனியுங்கள்: சொரசொரப்பான பக்கம் உள்பட்டியில் வெளியே பார்த்தும் மெத்தென்ற பக்கம் வெளிப்பட்டிக்கு உள்ளே உடம்பைப் பார்த்தும் வருகிற மாதிரி தைக்கச் சொல்லுங்கள். மாற்றித் தைத்தால் வயிற்றை உரசும்.

பள்ளியில் ஏதாவது சொல்வார்களோ என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். யாரும் எதுவும் சொல்லவில்லை. நிறமும் வெட்டும் அதேதான், மாறியது இடுப்புப்பட்டி மட்டும். எல்லாப் பள்ளியும் இப்படி இருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை, முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். இப்போது எலாஸ்டிக் வைத்தே தைத்து விற்கிறார்கள், தேடினால் கிடைக்கும்.

பெண் பிள்ளை என்றால் வேறு மாதிரிச் சிக்கல். என் தங்கை மகளுக்கு முதுகில் ஜிப் வைத்த கவுன். போடவும் ஆள் வேண்டும், கழற்றவும் ஆள் வேண்டும். முன்பக்கமோ பக்கவாட்டிலோ திறக்கிற மாதிரி கிடைத்தால் அதையே எடுங்கள். ஸ்கர்ட் என்றால் இடுப்பு முழுக்க எலாஸ்டிக்.

இனி நீங்கள் கேட்டவை.

சைஸை வயதை வைத்து முடிவு செய்யாதீர்கள், உயரத்தை வைத்து முடிவு செய்யுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணையில் ஐந்து வயதுப் பையனின் நடு அளவு சுமார் 110 செ.மீ., ஆறு வயதுக்கு 116 செ.மீ. ஐரோப்பிய அளவுமுறையில் குழந்தை உடைகளில் 104, 110, 116, 122 என்று போட்டிருப்பது இந்த உயரம்தான். நடு அளவு என்றால் பாதிப் பிள்ளைகள் அதற்குக் கீழே, பாதிப் பேர் மேலே. ஆகவே "6 வயது" என்ற சீட்டு உங்கள் பிள்ளைக்குப் பொருந்த வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. இந்த வயதில் பிள்ளைகள் வருடத்துக்கு ஏறக்குறைய 5 முதல் 7 செ.மீ. வளர்கிறார்கள். அதாவது வருடத்துக்கு ஒரு சைஸ். ஒரு சைஸ் பெரிதாக எடுத்தால் போதும். இரண்டு சைஸ் எடுத்தால் முதல் வருடம் முழுக்க அவன் உடைக்குள் தொலைந்துபோகிறான், இரண்டாம் வருடம் சைஸ் சரியாக வரும்போது துணி வெளுத்து முழங்கால் தேய்ந்திருக்கும். மிச்சம் பிடித்த மாதிரித் தெரியும், மிச்சம் இல்லை. நீளத்தைக் கீழ் மடிப்பில் வைத்துக்கொள்ளுங்கள், பிரித்து இறக்கலாம். இடுப்பில் மட்டும் பெரிது வேண்டாம்.

துணி. தனிப் பருத்தி வியர்வையை உறிஞ்சும், உடம்புக்கு நல்லது. ஆனால் சுருங்கும், கசங்கும். நெய்யும்போதும் பதப்படுத்தும்போதும் நூலை இழுத்துப் பிடித்தே வேலை நடக்கிறது. தண்ணீர் பட்டதும் அந்த இழுவிசை விட்டுப்போய் நூல் பழைய இடத்துக்குத் திரும்புகிறது, அதுதான் சுருக்கம். முன்னமே சுருக்கிவிட்ட துணி என்று போட்டிருந்தால் பிரச்சினை குறைவு. பாலியஸ்டர் கலந்தது சீக்கிரம் காயும், இஸ்திரி அதிகம் வேண்டாம், ஆனால் பாலியஸ்டர் ஈரத்தை உறிஞ்சுவதே இல்லை என்று சொல்லலாம். சாதாரணக் காற்றில் பருத்தி தன் எடையில் ஏழெட்டு சதவீதம் ஈரம் பிடித்து வைக்கும், பாலியஸ்டர் அரை சதவீதம்கூடப் பிடிக்காது. என் கருத்து, சட்டையில் பருத்தி அதிகம் இருக்கட்டும், பேன்ட்டில் பாலியஸ்டர் அதிகம் இருந்தால் பரவாயில்லை. பேன்ட்தான் தரையில் உரசுகிறது. பள்ளி ஒரே துணியைத்தான் கொடுக்கிறது என்றால் இதில் தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

எது வாங்கினாலும் முதல் நாளுக்கு முன் இரண்டு முறை துவைத்துவிடுங்கள். கசங்காமல் இருக்கப் போடும் பூச்சில் ஃபார்மால்டிஹைடு என்கிற ரசாயனம் சேர்ந்த பிசின் இருப்பது உண்டு, சில பிள்ளைகளுக்குத் தோல் அரிக்கும். துவைத்தால் குறையும். சுருங்குவதும் அப்போதே சுருங்கிவிடும், காஜாவும் இளகும். கழுத்துக்குப் பின்னால் இருக்கும் சீட்டைத் துண்டு மீதி இல்லாமல் தையலோடு பிரித்து எடுங்கள். கத்தரித்தால் மிஞ்சும் முனை குத்திக்கொண்டே இருக்கும்.

எத்தனை செட்? வாரத்தில் எத்தனை நாள் துவைப்பீர்கள் என்பதைப் பொறுத்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் துவைக்கிற வீட்டுக்கு மூன்று சட்டை, இரண்டு பேன்ட் போதும். அதற்கு மேல் பாதி வருடம் போன பிறகு வாங்குங்கள், அதற்குள் உயரம் மாறியிருக்கும். ஆனால் ஒரு ஜட்டியும் ஒரு எலாஸ்டிக் கால்சட்டையும் பையில் எப்போதும் இருக்கட்டும், அது பையில் இருப்பது பிள்ளைக்கும் தெரிந்திருக்கட்டும். பெயரை உடையின் உள்பக்கம் எழுதுங்கள். வெளியே தெரிகிற மாதிரி எழுதினால் முன்பின் தெரியாதவரும் பெயர் சொல்லிக் கூப்பிடலாம்.

பள்ளி திறக்கும் முன் ஒரு விடுமுறை நாள் முழுக்க சீருடையோடு விளையாட விடுங்கள். அழுக்கானால் ஆகட்டும். அன்றைக்கு நான்கைந்து முறை கழிவறைக்குப் போய் வந்துவிடுவான். எங்கே சிக்குகிறது என்று உங்களுக்கும் தெரிந்துவிடும்.

இன்னொன்று, இது கேள்விக்குத் தொடர்பில்லாததுதான், ஆனாலும் மனதில் கிடக்கிறது. சேர்க்கைப் படிவத்தில் அவசரத்துக்கு அழைக்க வேண்டிய முதல் எண்ணாக நான் கொடுத்திருந்தது என் எண்ணை. அன்று நான் பத்து நிமிட தூரத்தில் இருந்தேன். என்னைக் கூப்பிட்டிருந்தால் அவன் இரண்டரை மணி நேரம் அந்த பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டதற்கு, "இந்த மாதிரி விஷயத்துக்கு அம்மாவைத்தானே சார் கூப்பிடுவோம்" என்றார்கள். சீருடை வாங்கப் போன கடையிலும் "அம்மா வரலையா?" என்று கேட்டார்கள். பெற்றோர் குழுவில் வரும் தகவல் எல்லாம் "அன்பான அம்மாக்களே" என்றுதான் தொடங்குகிறது. ஆசிரியர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு, நாற்பது பிள்ளைகளை மேய்ப்பது எளிதில்லை. அந்த ஆசிரியைதான் மாற்றுக் கால்சட்டை தேடிப் போட்டுவிட்டவர், அதை மறக்கமாட்டேன். ஆனால் படிவத்தில் எழுதி வாங்கிய எண்ணைப் பார்க்காமல் வீட்டில் யார் பொறுப்பு என்று அவர்களே முடிவு செய்தது தப்பு. நீங்கள் அப்பாவாக இருந்தால் முதல் நாளே வகுப்பு ஆசிரியரிடம் நேரில் போய், "முதலில் எனக்குப் போன் பண்ணுங்கள்" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். படிவத்தை நம்ப வேண்டாம்.

ஷூ பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் அதே தப்பை அதிலும் செய்துவிடாதீர்கள். சாயங்காலம், நிற்க வைத்து, இரண்டு காலையும் அளந்து பெரிய காலுக்கு எடுங்கள். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு செ.மீ. இடம் போதும். கயிறு வேண்டாம், ஒட்டுப்பட்டி போதும்.

பிள்ளையின் உயரமும் இடுப்பளவும் கருத்தில் எழுதுங்கள். எந்த சைஸ் சரியாக வரும் என்று எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.