லேவியர், ஆசாரியர், சாதோக்கு வம்சம்: பைபிள்ல வர்ற பழைய இஸ்ரவேலின் ஆசாரியர்களைப் பத்தி நீங்க கேட்டதுக்கு பதில்

கேள்வி: ஆரம்பத்துலேர்ந்தே இஸ்ரவேல் கோத்திரங்கள்ல ஒண்ணான லேவி கோத்திரத்துக்காரங்க (லேவியர்) மட்டும்தான் ஆசாரியரா, அதாவது பலி செலுத்துற பூசாரியா, இருந்தாங்களா?

இல்லைங்க. பைபிள்ல நியாயாதிபதிகள் 17 படிச்சுப் பாருங்க, எப்பிராயீம் மலைநாட்டுல மீகான்னு ஒருத்தர் வீட்டுலயே சின்னதா ஒரு கோயில் வச்சுக்கிட்டு சொந்த மகனையே ஆசாரியனா ஆக்கிடுறார், அப்புறம் பெத்லகேம்லேர்ந்து தங்க இடம் தேடி வந்த லேவியப் பையன் ஒருத்தன் கிடைச்சதும் வருஷத்துக்கு 10 வெள்ளிக்காசு, துணி, சாப்பாடுன்னு பேசி அவனை வேலைக்கு வச்சுக்கிறார், இனி கர்த்தர் எனக்கு நன்மை செய்வார்னு சந்தோஷம் வேற. லேவியன் கிடைச்சா விசேஷம், கிடைக்கலைன்னா வேற ஆள், அவ்ளோதான் அன்னைக்கு. வம்சம் பார்த்து இறுக்கினதெல்லாம் போகப்போக நடந்ததுங்கிறது என் உறுதியான கருத்து.

கேள்வி: லேவியருக்கு சொந்தமா நிலமே கிடையாதே, எப்படிப் பிழைச்சாங்க?

பலியில வர்ற பங்கு, தசமபாகம் (விளைச்சல்ல பத்துல ஒரு பங்கு). சீலோங்கிற ஊர்க் கோயில்ல ஆசாரியர் ஏலியோட பசங்க இதுல அநியாயம் பண்ணாங்க, சட்டியில கறி வேகும்போதே வேலைக்காரன் மூணு கூர் உள்ள முள்ளைக் குத்தி வர்றதையெல்லாம் எடுத்துக்குவான், கொழுப்பை எரிக்கிறதுக்கு முன்னாடியே பச்சைக்கறி குடுன்னு மிரட்டவும் செஞ்சாங்க.

கேள்வி: சாதோக்கு குடும்பம் எப்படி மேல வந்துச்சு?

அரசியல்தான். தாவீது ராஜா ஓடி ஒளிஞ்ச காலத்துலேர்ந்து கூடவே இருந்த ஆசாரியர் அபியத்தார், ஆனா தாவீதோட மகன்களுக்குள்ள வந்த வாரிசுச் சண்டையில சாலொமோனை விட்டு அதோனியா பக்கம் நின்னுட்டார், சாலொமோன் ராஜாவானதும் அபியத்தாரை ஆனதோத்துங்கிற ஊருக்கு விரட்டிட்டு, இன்னொரு ஆசாரியரான சாதோக்கை அந்த இடத்துல வச்சார். அப்புறம் கி.மு. 622 வாக்குல யோசியா ராஜா ஊர் ஊரா இருந்த பலி மேடைகளைத் தீட்டுப்படுத்தி, பலின்னா எருசலேம்லதான்னு ஆக்கிட்டார். அங்கெல்லாம் பலி செலுத்திட்டிருந்த ஆசாரியருக்கு எருசலேம்ல புளிப்பில்லா அப்பம் கிடைச்சுது, பலிபீடத்துல ஏற முடியல. அவங்களை நினைச்சா எனக்கு மனசு கஷ்டமாத்தான் இருக்கு, தலைமுறை தலைமுறையா செஞ்ச வேலை அது. எசேக்கியேல் 44 இன்னும் கறாரா சொல்லுது, லேவியருக்கு வாசல் காவலும் பலிமிருகம் அறுக்கிறதும், கர்த்தர்கிட்ட கிட்டப் போறது சாதோக்கின் புத்திரர் மட்டும்.

கேள்வி: எருசலேமுக்கு வெளிய கோயிலே இல்லையா அப்புறம்?

இருந்துச்சே! எகிப்துல எலிஃபன்டைன் தீவுல யூதப் படைவீரர்கள் கோயில் வச்சிருந்தாங்க, ஆசாரியரும் உண்டு. கி.மு. 410ல அந்தக் கோயில் இடிக்கப்பட்டுச்சு. உதவி கேட்டு எருசலேம் பிரதான ஆசாரியருக்கு எழுதினா பதிலே வரல, அதை 407ல யூதேயா ஆளுநருக்குப் போட்ட பாப்பிரஸ் கடிதத்துலயே வருத்தப்பட்டு எழுதியிருக்காங்க. கடைசில கோயிலைத் திரும்பக் கட்டலாம், தானியக் காணிக்கையும் தூபமும் செலுத்தலாம்னு பதில் வந்துச்சு, மிருகபலி பத்தி அதுல பேச்சே இல்ல.