பாட்டுலிசக் கிருமியில் ஒரு வகை மட்டும் ஃபிரிட்ஜிலும் வளர்வது ஏன்?

கேள்வி நியாயமானது. எல்லாமே கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம்தானே, ஏன் இவ்வளவு வேறுபாடு? பாட்டுலிசம் என்ற நோயை உண்டாக்கும், நரம்பைத் தாக்கும் நச்சைச் சுரப்பவை என்பதால்தான் இவற்றுக்கு ஒரே பெயர் வைத்தார்கள். மற்றபடி இவை வெவ்வேறு கிருமிகள் என்றே சொல்வேன்.

மனிதர்களைப் பெரும்பாலும் பாதிப்பவை இரண்டு குழுக்கள். முதல் குழு புரதத்தைச் சிதைக்கும். அதனால் கெட்ட உணவு பல நேரம் நாறிக் காட்டிக்கொடுக்கும். சுமார் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இது வளராது. ஆனால் இதன் ஸ்போர்கள் (கடுஞ்சூழலைத் தாங்கக் கிருமி எடுக்கும் உறங்கும் வடிவம்) வெறும் கொதிநீருக்குச் சாவதில்லை. அதற்காகத்தான் டின் உணவை அழுத்தத்தில் 121 டிகிரியில் சுமார் 3 நிமிடம் வைக்கிறார்கள்.

இரண்டாம் குழுதான் எனக்கு அதிகக் கவலை தருவது. இதன் ஸ்போர்களை 90 டிகிரியில் 10 நிமிடம் சூடாக்கினால் அடக்கிவிடலாம். ஆனால் 3 டிகிரியிலேயே மெதுவாக வளரும், புரதத்தைச் சிதைக்காததால் நாற்றமும் வராது. அலாஸ்காவில் புளிக்கவைத்த மீனால் வரும் பாட்டுலிசத்துக்குப் பெரும்பாலும் இக்குழுவில் E வகை நச்சைச் சுரப்பவையே காரணம்.

நச்சு வகையைக் குறிக்கும் B, E போன்ற எழுத்தைப் பார்த்துக் குழுவை முடிவுசெய்யாதீர்கள். B வகை நச்சு இரண்டிலும் உண்டு. நச்சு மரபணு பிளாஸ்மிட் (கிருமிக்குள் தனியாக இருக்கும் சிறு டிஎன்ஏ வளையம்) வழியாகவும் இடம் மாறும். முதல் குழுவுக்கு மரபணு அளவில் நெருங்கிய உறவு, பொதுவாக நச்சில்லாத கிளாஸ்ட்ரிடியம் ஸ்போரோஜீனஸ்தான், இரண்டாம் குழு அல்ல.

அப்புறம், நச்சு வேறு, ஸ்போர் வேறு. உணவை முழுக்கச் சூடேறும்படி 85 டிகிரியில் 5 நிமிடம் வைத்தால் நச்சு அழியும், முதல் குழுவின் ஸ்போர்கள் பிழைத்திருக்கும்.