டைல் கட்டரில் கல் அறுப்பது: கேள்வி பதில்

அகேட், ஜாஸ்பர் போன்ற நகைக்கற்களையும் கிரானைட் துண்டுகளையும் மொட்டைமாடியில் வைத்து, விலை குறைந்த மெஷினில் அறுத்துப் பார்க்க ஆசைப்படும் சென்னைக்காரர்கள் கேட்டவை இவை. பதில்களுக்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். டைமண்ட் பிளேடுக்குப் பல் கிடையாது. அது ரம்பம் போல வெட்டுவதில்லை. விளிம்பில் பதிந்திருக்கும் வைரத்தூள் கல்லைத் தேய்த்துக் கரைக்கிறது. இதை மறந்து அழுத்துவதால்தான் பாதித் தொல்லைகள் வருகின்றன.

வேளச்சேரி: சார், டைல்ஸ் வேலைக்கு வாங்கின 4 இன்ச் மார்பிள் கட்டர் வீட்ல இருக்கு. அதைத் தலைகீழா பலகைல பொருத்தி டேபிள் மாதிரி பண்ற வீடியோ பார்த்தேன். செய்யலாமா?

வேண்டாம். அந்த மெஷின் நிமிடத்துக்கு 12,000, 13,000 சுற்று ஓடும். பிளேடின் விளிம்பு வினாடிக்கு 70 மீட்டர் அளவில் பறக்கிறது. 7 இன்ச் டேபிள் டைல் கட்டரோ பெரும்பாலும் 2,950 சுற்றுதான். விளிம்பு வேகம் 28 மீட்டர் அளவில் நிற்கும். அகேட் மாதிரிக் கடினமான கல்லுக்கு இந்த நிதானம்தான் சரி. தலைகீழாகப் பொருத்தினால் பிளேடு கவசம் பயனில்லாமல் போகும், தெறிக்கும் தண்ணீர் மோட்டாரின் காற்றுத் துளைக்குள் இறங்கும், கல் சிக்கினால் உங்கள் முகத்தை நோக்கி வரும்.

அதைக் கையில் பிடித்தபடி ஒரு வேலைக்குப் பயன்படுத்தலாம். டேபிளில் ஏறாத பெரிய கல்லைத் தரையில் அசையாமல் மணல் மூட்டைமேல் அமர்த்தி, தண்ணீர் ஊற்றிக்கொண்டே சுற்றிலும் 1 செ.மீ. ஆழத்துக்குக் கோடு போடுங்கள். மெஷினை நிறுத்திவிட்டு அந்தக் கோட்டில் உளி வைத்துத் தட்டினால் பெரும்பாலும் கோட்டோடு பிளக்கும். தண்ணீர் ஊற்ற இன்னொரு ஆள் கட்டாயம் வேண்டும்.

பெரம்பூர்: 7 இன்ச் மெஷின் வாங்கிட்டேன். கூட வந்த பிளேடே போதுமா?

பழகுவதற்குப் போதும். அதன் விளிம்பைப் பாருங்கள். இடையிடையே வெட்டு விட்டு, கட்டம் கட்டமாக இருந்தால் அது கான்கிரீட்டுக்கானது. கல்லின் ஓரத்தைச் சில்லு சில்லாகப் பெயர்க்கும். விளிம்பு இடைவெளி இல்லாமல் ஓடும் பிளேடுதான் நமக்கு. டைல் பிளேடு 2 மி.மீ.க்கு மேல் தடிமன் உள்ளது, அவ்வளவு கல்லும் மாவாகப் போய்விடும். விலை கொடுத்து வாங்கிய அகேட்டை அறுக்க, நகைக்கல் வேலைக்கென்று வரும் 1 மி.மீ. அளவு மெல்லிய பிளேடு நல்லது. ஆனால் மெல்லிய பிளேடு பக்கவாட்டு அழுத்தம் தாங்காது, கிண்ணம் போலக் குழிந்துவிடும். கை பழகிய பிறகு வாங்குங்கள்.

வாங்கும்போது நடுத்துளை அளவு உங்கள் மெஷினின் தண்டோடு பொருந்துகிறதா, பிளேடில் எழுதிய உச்சவேகம் உங்கள் மெஷினின் வேகத்துக்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். துளை பெரிதாக இருந்தால் சரியான அளவு வளையம் போட வேண்டும். டேப் சுற்றிச் சமாளித்தால் பிளேடு ஆடும். அம்புக்குறி சுழலும் திசையைக் காட்ட வேண்டும்.

பல்லாவரம்: எங்க ஏரியா கருங்கல்லை அறுத்தேன். முதல் ரெண்டு துண்டு நல்லா வந்துச்சு. இப்போ பிளேடு சும்மா சுத்துது, பொறி பறக்குது, கல் இறங்கவே மாட்டேங்குது. பிளேடு தீர்ந்துடுச்சா?

தீரவில்லை, மழுங்கியிருக்கிறது. உங்கள் ஊர்க் கல்லின் பெயர் சார்னகைட். கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னக்கின் கல்லறையில் பதித்திருக்கும் கல் இந்த வகை என்பதால் புவியியலாளர் ஹாலந்து அந்தப் பெயரை வைத்தார். புனித தோமையார் மலையும் பல்லாவரம் குன்றுகளும் இதே பாறைதான். உலகப் புவியியல் பாடத்தில் இடம்பெற்ற கல் உங்கள் தெருமுனையில் கிடக்கிறது என்பது எனக்கு இன்றைக்கும் சந்தோஷம் தரும் விஷயம்.

இதில் குவார்ட்ஸும் ஃபெல்ஸ்பாரும் நிறைய. கடினத்தைக் குறிக்கும் மோஸ் அளவில் 7, 6. இப்படிப்பட்ட கடினமான கல் வைரத்துகளின் முனையை மழுக்கிவிடும். ஆனால் அவற்றைப் பிடித்திருக்கும் உலோகத்தைத் தேய்க்காது. அந்த உலோகம் தேய்ந்தால்தான் உள்ளே இருக்கும் புதுத் துகள் வெளியே வரும். அதனால் உலோகத்தை நாமே கொஞ்சம் அரிக்க வேண்டும். ஒரு செங்கல்லையோ பழைய சாணைக்கல் துண்டையோ தண்ணீர் ஓட 4, 5 முறை மெதுவாக அறுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகு விளிம்பை நகத்தால் தடவினால் சொரசொரப்பு தெரியும். கடினமான கல்லானால் நாலைந்து துண்டுக்கு ஒரு முறை இதைச் செய்துவிடுங்கள். பொறி பறப்பது தண்ணீர் போதவில்லை என்பதற்கும் அடையாளம்; தொட்டியில் பிளேடின் விளிம்பு எப்போதும் மூழ்கியிருக்கிறதா பாருங்கள்.

அம்பத்தூர்: உருண்டையான அகேட் கல் கைய விட்டுத் துள்ளிப் போயிடுச்சு. எப்படிப் பிடிக்கிறது அண்ணா?

கையால் பிடிக்கவே கூடாது, தம்பி. உருண்டைக் கல்லுக்கு மேஜையில் ஒரு புள்ளிதான் ஆதாரம். அறுபடும்போது ஒரு இம்மி உருண்டாலும் வெட்டிய பள்ளத்தின் சுவர் பிளேடின் பக்கத்தைக் கவ்வும். அப்போது கல் பறக்கும், இல்லை பிளேடு வளையும்.

ஒரு டீக்கப் உயரமுள்ள அட்டைப் பெட்டியில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கரைத்து ஊற்றி, கல்லைப் பாதிக்கு மேல் அமிழ்த்துங்கள். நன்றாக இறுகியதும் அட்டையை உரித்தால் அடி தட்டையான கட்டி கிடைக்கும். மேஜையில் ஆடாது. இன்னொரு வழி: நேரான ஓரமுள்ள தேக்குக் கட்டையில் எபாக்ஸி பசையால் கல்லை ஒட்டி, ஒரு இரவு விட்டு, கட்டையை வழிகாட்டிப் பட்டையோடு அணைத்துத் தள்ளுவது. பலகையாகத் துண்டு போட எனக்கு இதுதான் பிடித்த முறை. ஒவ்வொரு துண்டும் ஒரே தடிமனில் விழும். மோதிரக்கல், பதக்கக்கல் செய்ய 5, 6 மி.மீ. வையுங்கள். முதல் வெட்டில் ஒரு தட்டை முகம் கிடைத்துவிட்டால் அதற்குப் பிறகு வேலை சுலபம்.

தள்ளும் வேகம்: பிளேடின் சத்தம் மாறக் கூடாது. மோட்டார் முனகினால் கையைத் தளர்த்துங்கள். ஒரு அங்குல அகேட்டுக்குச் சில நிமிடம் பிடிக்கும், அது சரியான வேகம். கடைசி 3 மி.மீ.யில் இன்னும் மெதுவாக. அங்கேதான் கல் தானாக ஒடிந்து ஓரத்தில் கூர்நுனி விட்டுவிடும். 7 இன்ச் பிளேடு மேஜைக்கு மேல் 35 மி.மீ. அளவுக்குத்தான் எட்டும். உயரமான கல்லைத் திருப்பிப்போட்டு அதே கோட்டில் மறுபக்கம் அறுக்க வேண்டும். பென்சில் கோடு தண்ணீரில் அழிந்துபோகும். அலுமினியக் கம்பியால் கீறினால் நிற்கும்.

மயிலாப்பூர்: தண்ணி ஊத்துறதால தூசு வராதுன்னு சொல்றாங்க. அப்புறம் மாஸ்க் எதுக்கு? வீட்ல சின்னக் குழந்தை இருக்கா.

குழந்தை இருக்கும் வீட்டில் இதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும், அம்மா. தண்ணீர் பெரும்பகுதித் தூசை அடக்குகிறது, முழுவதையும் அல்ல. பிளேடு தெறிக்கும் சாரலிலும் மிக நுண்ணிய சிலிக்கா இருக்கிறது. நுரையீரலில் தங்கினால் சிலிக்கோசிஸ். அது வந்தால் குணமாவதில்லை. என்95 முகக்கவசம் மூக்கோடு இறுக்கமாகப் பொருந்த வேண்டும், துணி மாஸ்க் உதவாது. கண்ணாடியும் காதடைப்பும் சேர்த்துப் போடுங்கள். துணிக் கையுறையும் தொங்கும் துப்பட்டாவும் வேண்டாம், சுழலும் தண்டு இழுத்துக்கொள்ளும்.

அதைவிட ஆபத்து, வேலை முடிந்த பிறகு காய்ந்துபோகும் சேறு. மறுநாள் விளக்குமாற்றால் பெருக்கினால் அடக்கிய தூசு முழுவதும் காற்றில் ஏறும். ஈரமாக இருக்கும்போதே துணியால் துடைத்து எடுங்கள். மொட்டைமாடியில் துணி காய்ந்தால் அன்றைக்கு அறுக்காதீர்கள். போட்டிருந்த சட்டையைத் தனியாகத் துவையுங்கள்.

திருவொற்றியூர்: போர் தண்ணி உப்பு. பிளேடு ஒரே வாரத்துல துரு. மண்ணெண்ணெய் ஊத்தலாமா?

கூடவே கூடாது. இது தண்ணீருக்கான மெஷின். எண்ணெய்ச் சாரலும் மோட்டார் பொறியும் சேர்ந்தால் தீ. குடிநீர் கேனில் இருந்து 2, 3 லிட்டர் எடுத்தால் போதும், அதில் பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு விடுங்கள். வேலை முடிந்ததும் தொட்டியைக் காலி செய்து, பிளேடைக் கழற்றித் துடைத்து வையுங்கள். கடற்காற்று அடிக்கும் உங்கள் பக்கம் இதைத் தள்ளிப்போட முடியாது.

அழுக்குத் தண்ணீரைச் சிங்க்கில் கொட்டாதீர்கள். கல் மாவு குழாயின் வளைவில் படிந்து இறுகிவிடும். பக்கெட்டில் ஒரு நாள் தெளியவிட்டு, மேல் தண்ணீரை வடித்து, சேற்றை ஈரத்தோடு கவரில் கட்டிக் குப்பையில் போடுங்கள்.

குரோம்பேட்டை: ஷாக் அடிக்குமா?

30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாத லைனில் ஓட்டாதீர்கள். மூன்று பின் பிளக், எர்த் கட்டாயம். ஒயர் மெஷினுக்கு வரும் வழியில் பிளக்கைவிடத் தாழ்வாக ஒரு வளைவு தொங்க வேண்டும். வழியும் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

கொளத்தூர்: திருவக்கரைல கல்மரம் பார்த்தேன். ஒரு துண்டு அறுத்துப் பாலிஷ் போட்டா எப்படி இருக்கும்!

அழகாகத்தான் இருக்கும், ஆனால் அங்கிருந்து ஒரு சில்லுகூட எடுக்கக் கூடாது. அது கல்லாகிப்போன பழைய மரங்களை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை பாதுகாக்கும் தேசியக் கல்மரப் பூங்கா.

தொடங்க கிரானைட் கடைகளின் கழிவுத் துண்டுகளைக் கேளுங்கள். ஏற்கெனவே தட்டையானவை, கை பழகச் சிறந்தவை. அடுத்து அகேட், ஜாஸ்பர். காங்கேயம் பக்கத்து நிலாக்கல் கிடைத்தால் அவசரப்படாதீர்கள்: நனைத்து வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்து, நீல ஒளி எந்த முகத்தில் மிதக்கிறதோ அதற்கு இணையாகக் கோடு போடுங்கள். கோணம் தவறினால் ஒளி போய்விடும். அது எளிதில் பிளவுபடும் கல், அதனால் அகேட்டைவிடவும் மெதுவாகத் தள்ளுங்கள். நார் நாராகப் பிரியும் எந்தக் கல்லையும் அறுக்க வேண்டாம். அது கல்நாராக (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம். பச்சை மாலகைட்டும் வேண்டாம், அதன் தூசில் செம்பு இருக்கிறது.

தாம்பரம்: அறுத்த முகத்துல வரி வரியா கோடு. பாலிஷ்ல போயிடுமா?

பாலிஷில் போகாது, அதற்கு முன் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். கண்ணாடித் துண்டின்மேல் வாட்டர் பேப்பரை விரித்து, தண்ணீரோடு 80, 220, 400, 600, 1200 என்ற பேப்பர் நம்பர் வரிசையில் தேயுங்கள். 80-லேயே எல்லாக் கோடும் மறைய வேண்டும். அதுதான் அதிக நேரம் பிடிக்கும். ஒவ்வொரு படியிலும் கல்லைக் கழுவி, துடைத்து, சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். ஈரக் கல் கீறலை மறைத்துக் காட்டும். கடைசியில் ஈரத் தோல் துண்டில் சீரியம் ஆக்சைடு என்ற பாலிஷ் தூளை வைத்துத் தேய்த்தால் அகேட் கண்ணாடி போல வரும்.